வால்டர் டல்: ஹாஃப் பேக், செகண்ட் லெப்டினன்ட்

"முதல் உலகப் போரில் இறந்த கால்பந்து வீரர் வால்டர் டல்தான் பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரியா? அவருக்குச் சேர வேண்டிய மிலிட்டரி கிராஸ் பதக்கத்தை நிறத்தைக் காட்டி மறுத்துவிட்டார்களா?" என்று கேட்டிருந்தீர்கள். கூடவே அவர் வாழ்க்கையையும் கொஞ்சம் விரிவாகச் சொல்லச் சொன்னீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. இரண்டாவதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது, கடைசியில் வருகிறேன். வால்டரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இந்த இரண்டு கேள்விகளும் முந்திக்கொண்டு வந்து நிற்கின்றன. அந்த மனிதர் என்னதான் செய்தார் என்பது பின்னால் போய்விடுகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதனால் வாழ்க்கையிலிருந்தே தொடங்குகிறேன்.

1888 ஏப்ரல் 28 அன்று இங்கிலாந்தின் தென்கிழக்கு ஓரத்தில், கென்ட் பகுதியில் ஃபோக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார் வால்டர். அப்பா டேனியல் டல் ஒரு தச்சர். கரீபியன் தீவான பார்படோஸில் அடிமைகளாக இருந்த குடும்பத்தின் வழிவந்தவர், 1876இல் ஃபோக்ஸ்டன் வந்து சேர்ந்தவர். அம்மா ஆலிஸ் பாமர், அதே கென்ட் பகுதியைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண்.

1895இல் அம்மா புற்றுநோயில் இறந்தார். வீடு நிறையப் பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மனைவியின் உறவுக்காரப் பெண்ணான கிளாராவை அப்பா மறுமணம் செய்துகொண்டார். 1897 டிசம்பரில் அவரும் இதயநோயில் போய்விட்டார். கிளாராவிடம் ஒரு கைக்குழந்தை, அதோடு மூத்த தாரத்துப் பிள்ளைகள். அத்தனை வயிற்றுக்கும் சோறு போட அவரால் முடியவில்லை. 1898 பிப்ரவரியில் வால்டரும் அண்ணன் எட்வர்டும் லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் மெதடிஸ்ட் சபையார் நடத்திய அநாதை இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள். வால்டருக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை.

அந்த இல்லம் நிதி திரட்டுவதற்காகப் பிள்ளைகளைப் பாடகர் குழுவாக ஊர் ஊராக அழைத்துப் போகும். எட்வர்டுக்கு நல்ல குரல். கிளாஸ்கோவில் அவர் பாடியதைக் கேட்ட வார்நாக் குடும்பம் 1900இல் அவரைத் தத்தெடுத்துக்கொண்டது. தத்துத் தந்தை பல் மருத்துவர், எட்வர்டும் பின்னாளில் அதையே படித்து கிளாஸ்கோவில் பல் மருத்துவரானார். வால்டர் லண்டனில் தனியாக நின்றார். அப்பா, அம்மா, அண்ணன் என்று ஐந்தே வருடங்களில் எல்லோரும் கைவிட்டுப் போனார்கள். ஆனால் அண்ணன் தம்பி உறவு அறுந்துவிடவில்லை. போர்முனையிலிருந்து வால்டர் கடிதம் எழுதியது அண்ணனுக்குத்தான்.

இல்லத்தில் அவருக்கு அச்சுத் தொழில் பழக்கினார்கள். பந்தும் அங்கேதான் பழகியது. 1908இல் கிளாப்டன் என்ற லண்டன் அமெச்சூர் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஒரே பருவத்தில் கிளாப்டன் மூன்று கோப்பைகளை வென்றது: எஃப்ஏ (இங்கிலாந்துக் கால்பந்து சங்கம்) நடத்திய அமெச்சூர் கோப்பை, லண்டன் சீனியர் கோப்பை, லண்டன் கவுன்டி அமெச்சூர் கோப்பை. புதிதாகக் கிடைத்த ஆட்டக்காரர்களில் இந்தப் பருவத்தின் சிறந்த வரவு இவர்தான் என்று ஒரு விளையாட்டு இதழ் எழுதியது. 1909இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அவரைத் தங்கள் தென் அமெரிக்கப் பயணத்துக்கு அழைத்துப் போனது. அர்ஜென்டினா, உருகுவே மைதானங்களில் ஆடிவிட்டுத் திரும்பியவர், தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

தொழில்முறை என்றதும் இன்றைய கோடிகளை நினைத்துவிடக் கூடாது. கையெழுத்துப் போட்டதற்கு அவருக்குக் கிடைத்தது 10 பவுண்டு. சம்பளம் வாரத்துக்கு 4 பவுண்டு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் தரக்கூடாது என்று 1901லிருந்தே உச்சவரம்பு இருந்தது. ஒரு நல்ல கைவினைஞரின் கூலியோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அச்சுக்கூடத்திலிருந்து வந்த 21 வயது இளைஞனுக்கு அது பெரிய பணம்தான். ஆனால் கிளப் விடுவித்தால் ஒழிய வேறு கிளப்புக்குப் போக முடியாது. ஆட்டக்காரர் கிளப்பின் சொத்து மாதிரி.

டாட்டன்ஹாம் அந்த வருடம்தான் லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. செப்டம்பரில் சண்டர்லேண்டுக்கு எதிராக வால்டர் அறிமுகமானார், அணி தோற்றது. அடுத்து சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட். அந்த வருடம் எஃப்ஏ கோப்பையை வென்ற அணி அது. முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடிய கூட்டத்துக்கு முன்னால் வால்டர் ஆடிய ஆட்டத்தைப் பத்திரிகைகள் புகழ்ந்தன. அவர் வேகத்தை நம்பி ஓடும் ஃபார்வர்டு (முன்வரிசை ஆட்டக்காரர்) இல்லை. நிதானமாகப் பந்தை நிறுத்தி, யாருக்குத் தர வேண்டுமோ அவருக்குச் சரியாகத் தரும் ஆட்டம்.

அப்புறம் அக்டோபரில் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு ஆட்டம். அன்று பிரிஸ்டல் சிட்டி ரசிகர்களில் ஒரு கூட்டம் ஆட்டம் முழுக்க வால்டரின் நிறத்தைச் சொல்லி வசைபாடியது. லண்டனின் மீன் சந்தையான பில்லிங்ஸ்கேட் கெட்ட வார்த்தைக்குப் பேர்போனது, அதைவிடக் கீழான பேச்சு என்று அன்று அங்கே இருந்த செய்தியாளர் எழுதினார். அவர் அதோடு நிறுத்தவில்லை. மனத்திலும் ஆட்டமுறையிலும் வால்டர் அத்தனை சுத்தமானவர், கால்பந்து ஆடும் வெள்ளையர் அனைவருக்குமே அவர் முன்மாதிரி என்று அந்தக் கும்பலின் முகத்துக்கு நேராகச் சொல்வதுபோல் எழுதினார். மைதானத்திலேயே சிறந்த ஃபார்வர்டு அன்று அவர்தான் என்பதையும் பதிவு செய்தார். 1909இல் ஒரு விளையாட்டுச் செய்தியாளர் இப்படி வெளிப்படையாக எழுதியது சாதாரணம் இல்லை. கால்பந்து மைதானத்து இனவெறி வசையைப் பற்றிய மிகப் பழைய பத்திரிகைப் பதிவுகளில் இதுவும் ஒன்று.

ஆனால் அந்த ஆட்டத்துக்குப் பிறகு டாட்டன்ஹாம் முதல் அணியில் வால்டரின் பெயர் அபூர்வமானது. ரிசர்வ் அணியிலேயே வைத்திருந்தார்கள். முதல் அணிக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தம் 10, அடித்தது 2 கோல். கூட்டத்தின் வசையிலிருந்து காப்பாற்ற என்று ஒதுக்கினார்களோ, கிளப்புக்குத் தலைவலி வேண்டாம் என்று ஒதுக்கினார்களோ, இழப்பு என்னவோ அவருக்குத்தான். கத்தினவர்கள் அடுத்த சனிக்கிழமையும் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அவரை மீட்டவர் ஹெர்பர்ட் சாப்மன். பிற்காலத்தில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்செனலையும் உச்சிக்குக் கொண்டுபோன அதே சாப்மன். அப்போது அவர் நார்தாம்ப்டன் டவுன் அணியின் இளம் மேலாளர். 1911 அக்டோபரில் நல்ல தொகை கொடுத்து வால்டரை வாங்கினார். தங்கள் ஆட்டக்காரர் ஒருவரையும் டாட்டன்ஹாமுக்குக் கொடுத்தார்கள். சதர்ன் லீக்கில் ஆடிய சிறிய ஊர் அணிதான். ஆனால் வால்டர் தன் இடத்தைக் கண்டுபிடித்தது அங்கேதான்.

அந்த இடத்தின் பெயர் ஹாஃப் பேக். அன்றைய அணி அமைப்பில் பின்னால் இரண்டு பேர், முன்னால் ஐந்து பேர், நடுவில் மூன்று பேர். அந்த மூன்று பேர்தான் ஹாஃப் பேக்குகள். எதிரணி ஏறி வந்தால் முதல் மோதல் அவர்களோடு. பந்தைப் பறித்தால் அடுத்த நொடியே முன்னால் நிற்பவருக்குக் கணக்காகத் தள்ளிவிட வேண்டும். கோல் அடித்து கைதட்டல் வாங்கும் இடம் இல்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு, தோள் கொடுத்து, தொண்ணூறு நிமிடமும் ஓட வேண்டிய இடம். வால்டர் அங்கே நிலைத்தார். நார்தாம்ப்டனுக்காக 111 ஆட்டங்கள், 9 கோல்கள். உள்ளூர் மக்கள் அவரைத் தங்கள் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் படைவீரர்கள் அவரிடம் என்ன கண்டார்களோ, அது ஏற்கெனவே இந்த ஹாஃப் பேக் ஆட்டத்தில் இருந்தது என்பது என் எண்ணம்.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. ஆனால் லீக் ஆட்டங்கள் நிற்கவில்லை. மற்ற இளைஞர்கள் சாகப் போகும்போது இவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து உதைக்கிறார்களே என்று பத்திரிகைகள் காய்ச்சின. அந்தக் கோபத்தில் வர்க்கமும் கலந்திருந்தது. கால்பந்து தொழிலாளிகளின் ஆட்டம். டிசம்பர் 15 அன்று லண்டன் ஃபுல்ஹாம் டவுன்ஹாலில் கூட்டம் போட்டு, மிடில்செக்ஸ் ரெஜிமென்ட் என்ற காலாட்படையின் 17ஆவது பட்டாலியனை (படைப்பிரிவை) கால்பந்து பட்டாலியனாகத் தொடங்கினார்கள். கிளாப்டன் ஓரியன்ட் (வால்டர் ஆடிய கிளாப்டன் இல்லை, வேறு அணி) கேப்டன் ஃப்ரெட் பார்க்கர் முதலில் பெயர் கொடுத்தவர்களில் ஒருவர். பிராட்ஃபோர்டு சிட்டியின் ஃப்ராங்க் பக்லியும் சேர்ந்தார், பிறகு மேஜரானார். ஆறு நாள் கழித்து, டிசம்பர் 21 அன்று, வால்டர் பெயர் கொடுத்தார். நார்தாம்ப்டன் அணியிலிருந்து முதலில் போனவர் அவர்தான் என்று சொல்வார்கள். லீக் அந்தப் பருவத்தின் முடிவில்தான் நின்றது.

1915 நவம்பரில் பட்டாலியன் பிரான்சுக்குப் போனது. வால்டர் அதற்குள் சார்ஜென்ட் தகுதிக்கு உயர்ந்திருந்தார். முன்வரிசைப் பதுங்குகுழியை விட்டு ஓய்வுக்காகப் பின்னால் வந்து தங்கும் நாட்கள்தான் சலிப்பாக இருக்கின்றன, பையன்கள் பதுங்குகுழியையே விரும்புகிறார்கள் என்று அண்ணனுக்கு எழுதினார். அது ஆரம்ப நாட்கள். 1916 மே மாதம் அவர் ஷெல் ஷாக்கோடு ஊருக்கு அனுப்பப்பட்டார். இடைவிடாத குண்டுவீச்சில் மனமும் நரம்பும் சிதறிப் போகும் அந்த நிலையை அன்று பல பேர் கோழைத்தனம் என்று ஏசினார்கள். குணமானதும் வால்டர் திரும்பிப் போனார், அதுவும் பிரான்சின் சோம் போர்க்களத்துக்கு. அந்த வருடக் கடைசியில் பதுங்குகுழிக் காய்ச்சலோடு மறுபடி ஊர் வந்தார். இவரைப் பற்றி எழுதுபவர்கள் ஷெல் ஷாக்கை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். ஒரு முறை உடைந்துபோன மனத்தோடு அதே இடத்துக்குத் திரும்பிப் போவது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பார்த்தால், பிறகு நடந்த எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

1917 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தில் கெய்ல்ஸ் என்ற இடத்து அதிகாரிப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார்கள். மே 30 அன்று, அதிகாரிப் பதவிகளின் முதல் படியான செகண்ட் லெப்டினன்டாகக் கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், கிடைத்தது. இங்கே உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்.

அன்றைய ராணுவச் சட்டக் கையேடு, கறுப்பினத்தவரும் நிறமுடையவர்களும் கௌரவப் பதவி வகிக்கலாமே தவிரப் படைக்கு நேரடித் தலைமை தாங்கக் கூடாது என்றது. கமிஷன் பெறுபவர் தூய ஐரோப்பிய வம்சாவளியாக இருக்க வேண்டும் என்று விண்ணப்ப வழிகாட்டியிலும் எழுதியிருந்தது. இதை வைத்துத்தான் வால்டர் முதலாமவர் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆனால் விதி ஏட்டில் இருந்த அளவுக்கு நடைமுறையில் இறுக்கமாக இல்லை. ஜமைக்காவில் பிறந்த, கலப்பினக் குடும்பத்தைச் சேர்ந்த யூவான் லூசி ஸ்மித் போர் தொடங்கிய அடுத்த மாதமே, 1914 செப்டம்பரில், கமிஷன் பெற்றிருக்கிறார். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்ர் போரில் இறந்தார். அவருடைய நினைவுத் தகடு 2020இல் விற்பனைக்கு வந்தபோதுதான் இது பரவலாகத் தெரிய வந்தது. ஜார்ஜ் பீமண்ட் என்ற இன்னொரு கலப்பினத்தவரும் 1915இல் கமிஷன் பெற்றிருக்கிறார். ஆக, முதல் என்ற சொல்லை எடுத்துவிடுவது நல்லது. கால்பந்திலும் அப்படித்தான். தொழில்முறை ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்று அறியப்படுபவர் இன்றைய கானாவின் அக்ராவில் பிறந்த கோல்கீப்பர் ஆர்தர் வார்ட்டன், வால்டருக்கு ஒரு தலைமுறை மூத்தவர்.

ஆனாலும் வால்டரின் கமிஷனில் ஒரு வித்தியாசம் உண்டு. லூசி ஸ்மித் போன்றவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள், நல்ல பள்ளியில் படித்தவர்கள். நேராக அதிகாரியாக உள்ளே போனார்கள். வால்டர் அநாதை இல்லத்திலிருந்து வந்து, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, மேலே இருந்த அதிகாரிகள் அவர் வேலையைப் பார்த்துப் பரிந்துரை செய்ததால் அந்த இடத்துக்கு வந்தவர். சாவு அதிகமாக அதிகமாக ராணுவத்துக்கு அதிகாரிகள் தட்டுப்பாடு என்பதும் உண்மை. (அதே 1917 ஆகஸ்டில்தான் இந்தியர் ஒன்பது பேருக்குப் படைத்தலைமைக்கான அரசரின் கமிஷனை முதன்முறையாகத் தந்தார்கள்.)

புதிய அதிகாரி 23ஆவது மிடில்செக்ஸுக்குப் போனார், அதுவும் கால்பந்துக்காரர்கள் பட்டாலியன்தான். பெல்ஜியத்தில் மெசின் போர், அப்புறம் மூன்றாம் ஈப்ர் போர். 1917 நவம்பரில் அவர்கள் பட்டாலியன் இருந்த டிவிஷனை (பெரிய படைப்பிரிவை) இத்தாலிக்கு அனுப்பினார்கள். கபொரெட்டோ போரில் தோற்ற இத்தாலியப் படை பியாவே ஆறு வரை பின்வாங்கியிருந்தது. அவர்களுக்குத் துணையாகத்தான் பிரிட்டிஷ் டிவிஷன்கள் போயின.

பியாவே ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கும் ஆறு. அகலமான கூழாங்கல் படுகையில் பல கால்களாகப் பிரிந்து ஓடும். குளிர்காலத்தில் நீர் விறைக்கும், இழுப்பும் பலம். அக்கரையில் ஆஸ்திரியப் படை. 1918 புத்தாண்டு அன்று இரவு அக்கரைக்குப் போய்த் திடீர்த் தாக்குதல் நடத்தித் திரும்ப வேண்டும் என்று உத்தரவு. தாக்குதலுக்கு முன்னால் ஆற்றைக் கடந்து பார்த்த முதல் சிலரில் வால்டர் ஒருவர். தாக்குதல் நேரத்தில் 26 பேர் கொண்ட காவல் குழு அவர் பொறுப்பு. முதன்மைப் படை வேலையை முடிக்கும்வரை அவர்களைப் பாதுகாத்து நிற்க வேண்டும், பிறகு இருட்டில், அதே தண்ணீரில், எல்லோரையும் திருப்பிக் கூட்டி வர வேண்டும். எதிரி கடுமையாகச் சுட்டான். வால்டர் போனபடியே 26 பேரையும் கூட்டி வந்தார். ஒருவருக்கும் காயமில்லை.

டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் சிட்னி லாஃபர்ட் இதற்காக அவருடைய வீரத்தையும் பதற்றமில்லாத நிதானத்தையும் பாராட்டி எழுதிக் கொடுத்தார். ஆற்றைக் கடந்தது, காவல் குழுவை நடத்தியது, சேதமில்லாமல் மீண்டது எல்லாம் அதில் உண்டு. வால்டரின் தலைமையைப் பற்றி நம்மிடம் இருக்கும் உறுதியான எழுத்துச் சான்று இதுதான்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் டிவிஷன் பிரான்சுக்குத் திரும்பியது. 21ஆம் தேதி ஜெர்மானியர் தங்கள் பெரிய வசந்தகாலத் தாக்குதலைத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் வரிசை உடைந்து பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தது. 1918 மார்ச் 25 அன்று, பபோம் நகரத்துக்குப் பக்கத்தில் ஃபவ்ரெய் என்ற கிராமத்தருகே, பின்வாங்கும் சண்டையில் வால்டர் குண்டு பட்டு விழுந்தார். முப்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

டாம் பில்லிங்ஹாம் என்ற சிப்பாய், முன்னாள் லெஸ்டர் ஃபாஸ் கோல்கீப்பர், விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வரப் பார்த்தார். எதிரி நெருங்கிக்கொண்டிருந்தான், சுற்றிலும் துப்பாக்கிச் சூடு. கொஞ்ச தூரம்தான் முடிந்தது, விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. பின்வாங்கும்போது ஒவ்வொரு நொடியும் உயிர்க்கணக்கு. அதில் இறந்துபோன அதிகாரியின் உடலுக்காக நிற்பதை யாரும் உத்தரவு போட்டுச் செய்ய வைக்க முடியாது. நீங்கள் வால்டரைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். உடல் பிறகு அடையாளம் காணப்படவில்லை.

இனி பதக்கம். உடனிருந்த அதிகாரி ஒருவர் எட்வர்டுக்கு இரங்கல் கடிதம் எழுதினார். வால்டர் துணிச்சலானவர், பட்டாலியன் முழுவதும் அவரை நேசித்தது, நான் ஒரு நண்பரை இழந்தேன் என்று சொல்லி, மிலிட்டரி கிராஸுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்தது, அதற்கு அவர் முழுத் தகுதி உள்ளவர் என்றும் எழுதியிருந்தார். ஆனால் பதக்கம் வரவில்லை. போரில் இருந்தவர்களுக்குப் பொதுவாகத் தரப்பட்ட மூன்று பதக்கங்கள் மட்டும்தான் அவர் பெயரில் உண்டு.

மறுக்கப்பட்டது நிறத்தால்தான் என்று வாதிடுபவர்கள் காட்டும் காரணம், அந்தச் சட்டக் கையேடு. வெளிப்படையாகப் பதக்கம் கொடுத்தால், விதியை மீறித்தான் கமிஷன் தந்தோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறார்கள். அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இன்னொரு விதியையும் பார்க்க வேண்டும். அந்தப் போரில் இறந்தவருக்குக் கொடுக்கக்கூடியவை வீரத்துக்கான உச்ச விருதான விக்டோரியா கிராஸும் போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடுவதும் மட்டும்தான். மிலிட்டரி கிராஸை இறந்தபின் கொடுக்கும் வழக்கம் 1979இல்தான் வந்தது. பரிந்துரை மேலே போய்ச் சேர்வதற்குள் வால்டர் இறந்திருந்தால், அவர் எந்த நிறமாக இருந்தாலும் காகிதம் அங்கேயே நின்றிருக்கும். இத்தாலியில் ஜனவரியில் நடந்ததற்கு மார்ச் கடைசிவரை பதில் வராதது ஏன் என்ற கேள்வி மட்டும் நியாயமாக மிச்சம் இருக்கிறது. லாஃபர்டின் பாராட்டே பதக்கத்துக்குப் பதிலாகக் கிடைத்ததா என்றும் கேட்கலாம். பதக்கத்தை இப்போதாவது கொடுங்கள் என்று பல ஆண்டுகளாக மக்கள் கோரி வருகிறார்கள். அந்தக் கோரிக்கை எனக்கும் உடன்பாடுதான், ஆனால் "நிறத்தால் பறித்தார்கள்" என்று நிரூபணமான செய்தி போல எழுதுவது வால்டருக்கு உதவாது.

இங்கிலாந்துப் பக்கம் போனால், நார்தாம்ப்டன் அணியின் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் மைதானத்தருகே 1999இல் திறந்த நினைவுச் சின்னம் இருக்கிறது, பக்கத்துச் சாலைக்கும் அவர் பெயர்தான். பிரான்சில் அராஸ் நகரத்து நினைவுச்சுவரில், கல்லறை இல்லாமல் போனவர்களின் பெயர்கள் ரெஜிமென்ட் வாரியாகவும், அதற்குள் பதவி வாரியாகவும் செதுக்கப்பட்டுள்ளன. 7ஆவது பகுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமென்டைத் தேடுங்கள். சிப்பாய்களின் நீளமான வரிசைக்கு மேலே, செகண்ட் லெப்டினன்ட்கள் என்ற தலைப்பின் கீழ் அவர் பெயர் இருக்கும்.